கொம்புச்சா குடிக்கத் தொடங்கும் டெல்டாக்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பெரிய கடைகளின் குளிர்பெட்டியில் மோருக்கும் பாதாம் பாலுக்கும் நடுவே கொம்புச்சாவும் இப்போது தலைகாட்டுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு கண்ணாடி ஜாடியில் பழுப்புத் திரவத்தைக் கொண்டுவந்து சமையல் மேடையில் வைத்துவிட்டு, "தினமும் கொஞ்சம் குடியுங்கள், வயிற்றுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். பிறகு அந்த ஜாடியோடு மல்லுக்கு நிற்பவர்கள் அம்மாவும் அப்பாவும்தான். அவர்கள் கேட்கும் கேள்விகளும், திருவாரூர்ப் பக்கத்தில் வீட்டில் போட்டுக் குடித்துவரும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே. நான் மருத்துவர் அல்ல.

கொம்புச்சா என்பது டீயா, குளிர்பானமா, மருந்தா?

டீதான். பால் சேர்க்காமல், ஜீனி கரைத்து, நன்றாக ஆறவைத்து, முந்தைய கொம்புச்சாவில் கொஞ்சத்தை உறையாக ஊற்றி, ஒரு வாரம் போலப் புளிக்க விட்ட டீ. அந்த உறையில் இரண்டு வகை நுண்ணுயிர்கள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஈஸ்ட் ஜீனியை உடைத்துச் சிறிதளவு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் எடுத்துக்கொண்டு, வினிகரில் இருக்கும் அதே அமிலமாக மாற்றிவிடும். இனிப்பும் புளிப்பும், நாக்கில் சுருக்கென்று ஏறும் வாயுவும் ஒரே குவளையில் வருவது இதனால்தான்.

வடகிழக்குச் சீனத்தில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய வீடுகளில் பரவி, அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பிற இடங்களுக்கும் போனது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனப் பேரரசர் அருந்திய அமுதம் என்று பாட்டிலில் அச்சடித்திருந்தால், ரசித்துவிட்டு விலையைப் பாருங்கள்.

ஜாடியில் வழவழவென்று மிதக்கிறதே, அது காளானா? சைவர்கள் குடிக்கலாமா?

காளான் அல்ல; எந்தப் பிராணியிலிருந்தும் எடுத்ததும் அல்ல. பாக்டீரியா நெய்யும் செல்லுலோஸ் படலம் அது. பருத்தி நூலும் வேதியியல்படி செல்லுலோஸ்தான். ஸ்கோபி என்று அழைக்கிறார்கள். கையில் எடுத்தால் முற்றத் தொடங்கிய இளநீரின் வழுக்கையைப் போல இருக்கும்: மேற்புறம் வெளிர்நிறம், அடியில் பழுப்பு நூல்கள் தொங்கும். அந்த நூல்கள் ஈஸ்ட். பார்க்க அழகாக இராது, ஆனால் கெடுதல் இல்லை.

ஐஸ்கிரீம் கடைகளில் பழக் கலவையோடு வரும் ‘நாட்டா டி கோகோ’ என்ற தேங்காய்த் துண்டுகளைச் சாப்பிட்டிருந்தால், இதே வகைப் படலத்தை ஏற்கெனவே மென்றிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸில் தேங்காய்த் தண்ணீரில் இந்த பாக்டீரியாவை வளர்த்து அதைச் செய்கிறார்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் உரித்த காய்களின் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். அது வேறு கதை.

முதல் தடவை எவ்வளவு குடிக்கலாம்?

ஒரு சிறிய டம்ளரில் கால்வாசி, அதாவது 50 மில்லி. அவ்வளவு போதும். அதனுடன் அதே அளவு தண்ணீர் சேர்த்தாலும் குற்றமில்லை. மறுநாள் சும்மா இருந்து வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஒரு வாரத்தில் மெல்ல 100, 120 மில்லி வரை போகலாம்.

இந்த 120 மில்லிக்கு ஒரு பின்னணி இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நாள்தோறும் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலத்தன்மை ஆபத்தான அளவுக்கு ஏறியது, ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று உறுதியாகவில்லை. அதே உறையிலிருந்து போட்டுக் குடித்த வேறு பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த விசாரணையை ஒட்டி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், உடல்நலத்தோடு இருப்பவர்கள் நாளொன்றுக்கு நான்கு அவுன்ஸ், ஏறத்தாழ 120 மில்லி, குடிப்பதால் தீங்கு நேராமல் இருக்கலாம் என்ற அளவில் குறிப்பிட்டது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த அளவே உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழகிய பிறகு ஒரு முழு டம்ளர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். லிட்டர் கணக்கில் குடிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

எந்த நேரத்தில் குடிப்பது?

முதலில் சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்டு முடித்த பின். வெறும் வயிற்றில் இவ்வளவு புளிப்பு இறங்கினால் சிலருக்கு நெஞ்செரிச்சல் நிச்சயம். இரவில் வேண்டாம்: டீயில் இருந்த காஃபீனில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கிறது. எனக்குப் பிடித்த நேரம் பிற்பகல் நான்கு மணி. வெயில் இறங்காமல், இன்னொரு டம்ளர் காபி வேண்டாம் என்று தோன்றும் நேரம். குடித்ததும் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். அமிலம் பட்டு இளகிய பல் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும்.

குடித்தேன், வயிறு பொருமிவிட்டது. இது ‘நச்சு வெளியேறும் அறிகுறி’ என்கிறார்களே?

எந்த நச்சு என்று கேட்டுப் பாருங்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். பொருமலுக்குக் காரணம் சாதாரணமானது: வாயு நிறைந்த பானம், அமிலம், குடலுக்குப் பழக்கமில்லாத சர்க்கரைகள். அளவைப் பாதியாக்குங்கள், ஓரிரு நாள் இடைவெளி விடுங்கள். பாட்டிலைத் திறந்து பத்து நிமிடம் டம்ளரில் வைத்திருந்தால் வாயு குறையும். அதற்குப் பிறகும் வயிற்றுப்போக்கோ எரிச்சலோ தொடர்ந்தால் இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். விட்டுவிடுங்கள். வாந்தி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்றால் டாக்டரிடம் போங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், வேறு காரணங்களால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள். உயிருள்ள நுண்ணுயிர்கள் நிறைந்த பானம் அவர்களுக்குச் சோதனைப் பொருளாகக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல் நோய் உள்ளவர்களும் தள்ளியிருப்பது நல்லது. குடிப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களுக்கும் வேண்டாம். சிறிதளவு ஆல்கஹாலும் அந்த வாசனையும் இதில் உண்டு.

மாத்திரைகளில் ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். வயிற்றுக் கோளாறுக்கும் பல் தொற்றுக்கும் நம் ஊரில் அடிக்கடி எழுதித் தரும் மெட்ரோனிடசோல், ஆல்கஹாலோடு சேரக் கூடாது என்று எச்சரிக்கை உள்ள மருந்து. அதைச் சாப்பிடும் நாட்களிலும் முடித்த பின் மூன்று நாட்களுக்கும் கொம்புச்சாவை நிறுத்திவையுங்கள்.

எனக்குச் சர்க்கரை நோய். இது சர்க்கரையைக் குறைக்கும் என்று செய்தியில் படித்தேன்.

அந்தச் செய்தியின் மூலம் 2023இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் தொடர்புடைய ஒரு சிறு ஆய்வு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 12 பேரைச் சேர்த்து, நாளுக்கு 240 மில்லி வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கொம்புச்சா குடித்த கட்டத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் சராசரி 164இலிருந்து 116க்கு இறங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12 பேர் என்பது ஒரு பந்திக்குக்கூடக் காணாது. இது முன்னோட்டம் மட்டுமே என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்.

மறுபக்கத்தைப் பாருங்கள். வீட்டில் லிட்டருக்கு 70 கிராம் ஜீனி போடுகிறோம். ஒரு வாரம் புளித்த பிறகும் அதில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கலாம். ‘புளிக்கிறது, அதனால் ஜீனி இல்லை’ என்று நாக்கு சொல்லும் கணக்கு தவறு. சாப்பிடும் மாத்திரையை இதை நம்பிக் குறைக்காதீர்கள். குடித்தே தீரவேண்டும் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, 50 மில்லி சாப்பாட்டோடு குடித்து, குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

இதில் சாராயம் உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

உண்டு, மிகக் கொஞ்சம். நமது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானக் கணக்கில் வரும். கடை பாட்டில்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஆனால் பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. குளிரில்லாமல் கிடந்தால் வேலையைத் தொடரும். 2010இல் அமெரிக்காவில் ஹோல் ஃபுட்ஸ் கடைகள் கொம்புச்சாவை அலமாரியிலிருந்து சில காலம் இறக்கி வைத்ததற்கு, பாட்டில்களில் இந்த அளவு மீறியிருக்கிறது என்ற சந்தேகமே காரணம். வீட்டில் போடுவது ஒரு சதவீதத்தைத் தாண்டிப் போகலாம், அதுவும் மூடி போட்டு நாள்கணக்கில் வெளியே வைத்தால்.

சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்களும், நாகூர், கூத்தாநல்லூர் நண்பர்களும் இதைக் கேட்கிறார்கள். ‘சாராயமே இல்லை’ என்று யாரிடமும் பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள். இருப்பதைச் சொல்லுங்கள், முடிவு அவரவருடையது.

எங்கள் வீட்டில் நீராகாரம் இருக்கிறது, மோர் இருக்கிறது. இது எதற்கு?

நியாயமான கேள்வி. தேவை என்று எதுவும் இல்லை. இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிய நீராகாரம் தயார். அதில் காஃபீன் இல்லை, போட்ட ஜீனி இல்லை, செலவும் இல்லை. இரண்டு சின்ன வெங்காயமும் உப்பும் போதும். அறுவடைக் களத்தில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். வயிற்றுக்கு நல்ல நுண்ணுயிர் வேண்டும் என்பதற்காக மட்டும் கொம்புச்சா வாங்குகிறவர், வாசலில் ஆறு ஓட, தண்ணீருக்கு லாரி சொல்லியனுப்புகிறார்.

ஆனால் நீங்கள் தினமும் ஒரு பாட்டில் கோலாவோ ஆரஞ்சு நிறக் குளிர்பானமோ குடிக்கிறவர் என்றால் நிலைமை வேறு. அந்த வாயு, அந்தச் சுரீர், குளிர்ச்சி எல்லாம் இதிலும் இருக்கிறது. ஜீனி பெரும்பாலும் குறைவு. அதற்கு மாற்றாகக் கொம்புச்சா நன்றாகப் பொருந்தும். சித்திரையில் காலையில் நீராகாரமும் பிற்பகலில் கொம்புச்சாவும் என் வீட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

புற்றுநோய், மூட்டுவலி, முடி உதிர்வு எல்லாம் குணமாகுமாமே?

இல்லை. மனிதர்களிடம் செய்த ஆய்வுகளே விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. பிடித்திருந்தால் குடியுங்கள்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே அலமாரியில் நிற்கும் பாட்டில், சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்றதாகவோ வடிகட்டியதாகவோ இருக்கலாம். சுவை இருக்கும், உயிர் இராது. குளிரில் வைக்கச் சொல்லும் பாட்டில் வெளியே நின்றால் அதைத் தொடாதீர்கள்.

அடுத்து ஒட்டியிருக்கும் சீட்டு. 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று இருக்கும். பாட்டிலின் அளவால் பெருக்குங்கள். 100 மில்லிக்கு 4 கிராம், பாட்டில் 300 மில்லி என்றால் மொத்தம் 12 கிராம், இரண்டரை தேக்கரண்டி ஜீனி. 14 இலக்க உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத பாட்டிலை, எவ்வளவு ‘இயற்கை’ என்று சொன்னாலும், வாங்க வேண்டாம். அடியில் மெல்லிய வண்டலோ மேலே சிறு துணுக்கோ இருந்தால் பயப்படாதீர்கள், அது ஈஸ்டும் புதுப் படலமும்.

வாங்கியதும் நேராக வீட்டுக்கு வாருங்கள். மே மாதத்தில் நிறுத்திவைத்த காருக்குள் பாட்டிலை விட்டுவிட்டு மார்க்கெட்டைச் சுற்றினால், திரும்பி வரும்போது உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். கூரியரில் வந்ததும் அப்படித்தான். நிறுத்திவைத்தபடியே குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, பாத்திரம் துலக்கும் தொட்டியின் மேல் பிடித்து, துணி சுற்றி, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். குலுக்கவே கூடாது.

வீட்டில் போட என்ன வேண்டும்?

ஒரு லிட்டருக்குக் கணக்கு: தண்ணீர் ஒரு லிட்டர், வாசனை சேர்க்காத சாதாரண டீத்தூள் இரண்டு முதல் மூன்று தேக்கரண்டி, ஜீனி 70 கிராம், நன்றாகப் புளித்த பழைய கொம்புச்சா 150 மில்லி, கிடைத்தால் ஒரு ஸ்கோபி. படலத்தைவிட அந்த 150 மில்லிதான் முக்கியம். தொடக்கத்திலேயே புளிப்பை ஏற்றிவிடுவதால்தான் வேண்டாத கிருமிகளும் பூஞ்சையும் தலையெடுக்க முடியாமல் போகின்றன. ஸ்கோபியை மட்டும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுப்பவரிடம் திரவத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, டீத்தூளைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். வடிகட்டி, ஜீனியைக் கரையுங்கள். பிறகு பொறுமை: கைபொறுக்கும் சூடு போதாது, முழுவதும் ஆற வேண்டும், சூட்டில் ஊற்றினால் உறை செத்துவிடும். ஆறியதும் கழுவிக் காயவைத்த கண்ணாடி ஜாடியில் ஊற்றி, பழைய கொம்புச்சாவையும் ஸ்கோபியையும் சேர்த்து, வாயைத் துணியால் கட்டுங்கள். மூடி போடக்கூடாது, அதற்குக் காற்று வேண்டும்.

துணி விஷயத்தில் பலர் கோட்டைவிடுகிறார்கள். கொசுவலையோ தளர்வாக நெய்த துணியோ உதவாது. வாழைப்பழத்தைச் சுற்றும் சின்னஞ்சிறு ஈக்கள் புளிப்பு வாசனைக்கு எங்கிருந்தோ வந்துசேரும். இடுக்கு கிடைத்தால் நுழைந்து முட்டையிடும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியை இரண்டாக மடித்து ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள். எறும்புக்கு, ஜாடியைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வையுங்கள். அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள், இல்லையென்றால் கொசுவுக்குப் பண்ணை வைத்ததாகிவிடும்.

உறை கொடுக்க ஆள் இல்லாதவர்கள், சூடாக்கப்படாத, பழச்சுவை சேர்க்காத ஒரு கடை பாட்டிலை ஜீனி போட்டு ஆறவைத்த டீயில் ஊற்றித் துணி கட்டி வைத்தால், நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் புதுப் படலம் கட்டும்.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதில் போடலாமா?

வேதாரண்யம், நாகப்பட்டினம் கடலோரத்து உவர்நீரில் வேண்டாம். உப்போடு கடினத்தன்மையும் உள்ள நீர் உண்டாகும் அமிலத்தையே ஓரளவு அடக்கிவிடும். புளிப்பு ஏற நாளாகும், பூஞ்சைக்கு அது வாய்ப்பு. கொள்ளிடத்திலிருந்து வரும் கூட்டுக் குடிநீர் நல்லது. அதில் உள்ள குளோரின் கொதிக்கும்போது போய்விடும். கேன் தண்ணீரும் சரியே.

ஊறுகாய் ஜாடி, பித்தளைக் குடம், எவர்சில்வர்?

கண்ணாடி. வேறு எதுவும் யோசிக்காதீர்கள்.

பித்தளையையும் செம்பையும் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளபளக்கிறது? புளிப்பு மேல்பூச்சைக் கரைக்கிறது. அதே வேலையை ஒரு வாரம் முழுக்கச் செய்யவிட்டால் கரைந்த உலோகம் உங்கள் டம்ளரில் இருக்கும். அலுமினியமும் அப்படியே. நல்ல தர எவர்சில்வர் தாங்கும், ஆனால் நம்மிடம் இருப்பது எந்தத் தரம் என்று கடைக்காரருக்கே தெரியாது. பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியில் இன்னொரு வம்பு உண்டு: பழைய மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பாத்திரத்தில் மாதக்கணக்கில் கொம்புச்சா போட்டுக் குடித்த தம்பதிக்கு ஈய நச்சு ஏறியது 1998இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அந்த ஜாடியில் டீ வேண்டாம்.

கத்திரி வெயிலில் எத்தனை நாள் வைப்பது?

இணையத்தில் படிக்கும் ‘7 முதல் 14 நாள்’ எல்லாம் குளிர் நாட்டுச் சமையலறைக் கணக்கு. இதற்கு உகந்த வெப்பம் 24 முதல் 30 டிகிரி. சித்திரை, வைகாசியில் நம் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். நான்காம் நாளே சுவை பார்க்கத் தொடங்குங்கள். ஐந்தாறு நாளில் பெரும்பாலும் தயாராகிவிடும். அடைமழைக் காலத்தில் ஒரு வாரம், மார்கழி, தையில் பத்து நாள்கூட ஆகலாம். நாட்காட்டியை விடுங்கள், நாக்கைக் கேளுங்கள்: இனிப்பு முன்னால் வந்து புளிப்பு பின்னால் வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, புளிப்பு முந்தினால் எடுத்துவிடலாம்.

சுவை பார்க்கக் கரண்டியால் கலக்காதீர்கள். படலத்தின் ஓரத்தை ஒரு சுத்தமான ஸ்ட்ராவால் மெல்ல ஒதுக்கி, உள்ளே இறக்கி, மேல்நுனியை விரலால் அடைத்து எடுத்தால் ஒரு வாய்க்கு வரும். வாய் வைத்த ஸ்ட்ராவை மீண்டும் ஜாடியில் விட வேண்டாம்.

ஜாடிக்கு இடம்: ஓட்டு வீடென்றால் கூடத்தின் உள்மூலை, தரையில். மாடி வீடென்றால் மேல்தளத்து அறை வேண்டவே வேண்டாம், மொட்டை மாடிச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். அடுப்பிலிருந்தும், நறுக்கிய பழத்திலிருந்தும், பூசணம் பிடிக்கும் எதிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் வாங்கி வைத்தால் ஊகம் குறையும். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். தொடக்கத்தில் 4.5க்குக் கீழே, குடிக்கும்போது 2.5க்கும் 3.5க்கும் இடையே. அதைவிட இறங்கினால் நேராகக் குடிக்க வேண்டாம். கடலோரத்தில் இறால் பண்ணை வைத்திருப்பவர்களிடம் பிஎச் பெட்டி இருக்கும், ஆனால் குளத்து நீருக்கான அது பெரும்பாலும் 6க்கு மேல்தான் காட்டும். இரவல் வாங்கிப் பயனில்லை.

மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

வழவழப்பாக, ஈரமாக, ஒரே சீராகப் படர்ந்தால் அது புதுப் படலம், கொண்டாடுங்கள். உலர்ந்து, பஞ்சுபோல மயிரோடு, வட்ட வட்டமாக, பச்சை, கறுப்பு, நீலம், வெள்ளை எந்த நிறத்தில் இருந்தாலும் பூஞ்சை. அதை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு மீதியைக் குடிக்கலாம் என்ற சிக்கனம் இங்கே கூடாது. திரவம், ஸ்கோபி எல்லாவற்றையும் கொட்டி, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, வேறு உறை வாங்கித் தொடங்குங்கள். சிறு புழு தெரிந்தாலும் அதே தீர்ப்பு. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே பூத்திருக்கும் வீடுகளில் இது அதிகம் நேரும். அந்த மாதங்களில் உறையை 200 மில்லியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, தேன்? டீக்குப் பதில் டிகிரி காபி?

நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் புளிக்கும், ஆனால் சுவையும் வேகமும் ஒவ்வொரு தடவையும் மாறும். ஜீனியில் கை பழகிய பிறகு, உபரி ஸ்கோபியில் முயலுங்கள். தேனுக்கென்று பழகிய உறை தனியாக இருக்கிறது. ஏலக்காய், மசாலா டீத்தூள்களின் வாசனை எண்ணெய் உறையைப் பலவீனமாக்கும். காபியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பாவத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாயுவும் வாசனையும் எப்படி ஏற்றுவது?

புளித்த டீயில் அடுத்த தடவைக்கான 150 மில்லியை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பாட்டிலில் ஊற்றி, அரை லிட்டருக்கு ஒரு சிறு துண்டு இஞ்சி நசுக்கிப் போட்டு இறுக மூடினால் வாயு கட்டும். நெல்லிக்காய் நன்றாகச் சேரும். நன்னாரி வேரை வெந்நீரில் ஊறவைத்து ஆறிய நீரைக் கலந்தால், சர்பத்துக்குப் பழகிய நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். மாம்பழம் அபாரம், ஆபத்தும்கூட: அதன் இனிப்பில் ஈஸ்ட் வெறிகொண்டு வேலை செய்யும்.

பாட்டில் வெடிக்குமா என்றால், வெடிக்கும். அலங்காரச் சதுரக் கண்ணாடி பாட்டில், ஜாம் பாட்டில் எதுவும் ஆகாது. கைதேரும்வரை காலியான பிளாஸ்டிக் சோடா பாட்டில் பாதுகாப்பானது. ஒன்றிரண்டு நாளுக்குக் கெடுதல் இல்லை. விரலால் அழுத்திப் பார்த்து, கல் போல இறுகியதும் குளிரில் வையுங்கள். வெயில் காலத்தில் ஒரே நாளில் இறுகிவிடும். கரன்ட் போய்க் குளிர்சாதனப் பெட்டி நீண்ட நேரம் நின்றால் மூடிகளை ஒருமுறை தளர்த்தி மூடிவிடுங்கள்.

கோலி சோடா பாட்டிலில் அடைக்கலாமா?

ஆசை எனக்கும் உண்டு. 1872இல் ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலில், உள்ளிருக்கும் அழுத்தம்தான் கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் பொருத்துகிறது. சோடாக் கடையில் இயந்திரம் அந்த அழுத்தத்தை ஒரே மூச்சில் கொடுத்துவிடும். கொம்புச்சாவிலோ வாயு மெல்ல மெல்ல ஊறுகிறது. கோலி கீழேயே கிடக்கும், வாயு வழிந்து போய்விடும். உள்ளே கழுவுவதும் பெரும்பாடு.

பேரன் பிறந்திருக்கிறான், ஒரு மாதம் சென்னை போகிறோம். ஜாடியை என்ன செய்வது?

புதிதாக டீ போட்டு, உறையைத் தாராளமாக ஊற்றி, துணி கட்டி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டுப் போங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உறை சோம்பிப்போய், திரும்பப் போடும்போது பூஞ்சை முந்திக்கொள்ளும். தாம்பாளத்துத் தண்ணீரை மட்டும் பக்கத்து வீட்டில் சொல்லி மாற்றச் செய்யுங்கள்.

திரும்பி வந்து பார்த்தால் முகம் சுளிக்கும் அளவு புளித்திருக்கிறது. கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். அதில் 150, 200 மில்லி அடுத்த தடவைக்கு மிக நல்ல உறை. மீதியை வினிகர் இடத்தில் பயன்படுத்தலாம்: நறுக்கிய வெங்காயத்தில் ஊற்றி உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்துச் சாப்பிடலாம், மீன் கழுவலாம், வறுவல் மசாலா குழைக்கலாம். மாதக்கணக்கில் வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் இதை நம்பாதீர்கள். கடை வினிகரில் அமிலத்தின் அளவு அச்சிட்டிருக்கும், இதில் எவ்வளவு என்று அளந்தவர் இல்லை. தடித்துப்போன பழைய ஸ்கோபிகளைத் துண்டு துண்டாக்கிக் குப்பைக் குழியில் போட்டால் எருவோடு எருவாகிவிடும்.